சிரிப்புப் பயிற்சி: சேலம் குகைப் பகுதியிலிருந்து ஏற்காடு வரை வந்த கேள்விகள்

(பதில் சொல்பவர்: சேலத்தில் மூச்சு, சிரிப்புப் பயிற்சி நடத்தும் பிசியோதெரபிஸ்ட்)

குகை: பார்க்குல காலையில கும்பலா நின்னு "ஹோ ஹோ, ஹா ஹா ஹா"ன்னு சிரிக்கிறாங்களே, அதை வீட்டுல செய்யணும்னா எப்படி மேடம்?

மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு ஆரம்பித்த முறை அது. இதில் ஜோக்குக்கு வேலை இல்லை, வெளியே விடும் மூச்சுக்குத்தான் வேலை. சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயால் 6 முதல் 8 எண்ணும்வரை விடுங்கள், 5 தடவை. பிறகு விரலும் உள்ளங்கையும் முழுசாகப் படும்படி தட்டிக்கொண்டே "ஹோ" இரண்டு, "ஹா" மூன்று. அப்புறம் 30 முதல் 40 நொடி விடாமல் சிரிப்பு, நடுவில் இரண்டு ஆழ்மூச்சு. மொத்தம் 10 நிமிடம் போதும்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க, ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். ஒவ்வொரு "ஹா"வுக்கும் வயிறு உள்ளே போகணும். வயிறு சும்மா இருந்து தோள் மட்டும் குலுங்கினால் தொண்டையால் கத்துகிறீர்கள், சீக்கிரமே குரல் கம்மிவிடும். தலை சுற்றினால் மூச்சை அவசரமாகத் தள்ளி, ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகும். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் ப்ராவின் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார்.

செவ்வாய்ப்பேட்டை, வயது 62: வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும்னு சொல்றாங்க. பிரஷர் மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?

கூடாது. 2005-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 20 பேருக்குச் சிரிப்புப் படக் காட்சிகளைக் காட்டிக் கையின் ரத்தக்குழாயை அளந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குழாய் நன்றாக விரிந்தது. நல்ல சேதிதான், ஆனால் அது கொஞ்ச நேர விரிவு. சிரிக்கும் நொடியில் பிரஷர் ஏறவே செய்யும், இறங்குவது பிறகு. 180/110-ஐத் தொட்டிருந்தால் பயிற்சியே வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி: ரெண்டு சுகப்பிரசவம். பலமா சிரிச்சா சிறுநீர் கசியுது. வெளியில சொல்லவே கூச்சமா இருக்குக்கா.

நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. சிரிக்கும்போது வயிற்றின் அழுத்தம் கீழே இறங்குகிறது, அதைத் தாங்க வேண்டிய இடுப்படித் தசை தளர்ந்திருக்கிறது. காற்று பிரியாமல் அடக்குவது போல் உள்ளே மேல்நோக்கி இழுத்து 5 நொடி பிடித்து, 5 நொடி விடுங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். பலர் தவறுவது மூன்று இடத்தில்: மூச்சைப் பிடிப்பது, பிட்டத்தை இறுக்குவது, சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது. சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்த கணமே இறுக்கப் பழகிவிட்டால் கசிவு நன்றாகக் குறையும். ஏதோ கீழே இறங்குவது போல் இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்ட வேலை: பனிக்காலத்துல காலையில சிரிச்சா இருமல் நிக்கவே மாட்டேங்குது.

இது ஆஸ்துமாவாக இருக்கலாம். மேலே 1,500 மீட்டரில் பனிக்காற்றை வாயால் அள்ளி அள்ளி இழுத்தால், சுருங்கும் பழக்கமுள்ள மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுங்கள். அதுவரை பயிற்சி வெயில் வந்த பிறகு, துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. இன்ஹேலர் ஏற்கெனவே கொடுத்திருந்தும் சிரித்தால் இருமுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு, ஜவுளிக்கடை: நாள் பூரா கஸ்டமரைப் பார்த்துச் சிரிக்கணும். ராத்திரி தாடை வலிக்குது. இதுலயும் பலன் உண்டா?

பெரிதாக இல்லை. உதட்டை மட்டும் இழுக்கும் சிரிப்பில் கன்னத்துத் தசைதான் உழைக்கும். நிஜச் சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும். இதை 1862-இலேயே பிரெஞ்சு மருத்துவர் டுஷென் எழுதிவிட்டார். பற்களில் பேனாவைக் கவ்வி முகத்தைச் சிரிப்பது போல் வைத்தால் மனசும் மலரும் என்ற 1988 சோதனையை 2016-இல் 17 ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனசில் எரிச்சலை வைத்துக்கொண்டு முகத்தில் சிரிப்பை ஒட்டுவது களைப்பைத்தான் கூட்டும். வலிக்கு: உதடு மூடி, பல்லோடு பல் படாமல், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால். சேலையை மடிக்கும் நேரமெல்லாம் தாடை இப்படி இருக்கட்டும்.

ஜங்ஷன்: சிரிச்சா எடை குறையுமாம்ல?

10, 15 நிமிடச் சிரிப்புக்கு 10 முதல் 40 கலோரி. ஒரு செட் தட்டுவடைக்குக்கூடக் காணாது.

அம்மாபேட்டை, தறி ஓட்டுபவர்: காலையில வாய் கொப்புளிச்சா ஒரு பக்கம் தண்ணி வழியுது. சிரிச்சா வாய் கோணுது. சிரிப்புப் பயிற்சி செஞ்சா நேராகுமா?

பயிற்சி அப்புறம், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் சேர்ந்திருந்தால் பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். நெற்றியைச் சுருக்க முடியாமல், கண்ணும் மூடாமல் இருந்தால் முக நரம்பு வாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எது என்பதை நீங்களே கண்ணாடி பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடாத கண்ணில் தறிக்கூடத்துப் பஞ்சு விழும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் தரும் சொட்டு மருந்தை விட்டு, தூங்கும்போது இமையை மூடி டேப் ஒட்டுங்கள்.