பிஜியில் அப்பாவின் கரும்பு நிலம்: மகளுக்குப் பங்கு உண்டா?

கேள்வி: நாங்கள் பிஜியில், பா ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பாவின் தகப்பனார் மதராசிலிருந்து கூலியாகக் கப்பலேறி வந்தவர். நான் சங்கப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் தமிழ் படித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை என் மருமகன் எழுதித் தருகிறார், அவர் மதுரைக்காரர். அப்பாவுக்கு 11 ஏக்கர் கரும்பு நிலம். பூர்வகுடிகளின் நிலம், 1999-இல் 30 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அம்மா முன்பே போய்விட்டார். 2018-இல் அப்பாவும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள். அப்பாவின் சொத்தை நிர்வகிக்க அண்ணன் நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் வாங்கினார். அதற்காக ஒரு வக்கீல் அலுவலகத்தில் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் படித்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கரும்புப் பணம் முழுவதும் அவருக்கே போகிறது. கேட்டால், "உனக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாயிற்று, நிலம் ஆண்பிள்ளைகளுக்கு" என்கிறார். 2029-இல் குத்தகை முடிந்ததும் புதுக் குத்தகையைத் தன் பெயரில் எடுத்துக்கொள்வாராம். தம்பி 2021-இல் இறந்துவிட்டான். அவன் மனைவி பூர்வகுடிப் பெண். அவளிடம், "உனக்குத்தான் உன் கிராமத்தில் நிலம் இருக்கிறதே, அங்கே போ" என்று சொல்லிவிட்டார். கிராமத்திலோ அவளுடைய சகோதரர்கள், "இந்தியனைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் உரிமை ஏதாவது உண்டா, அம்மா? வழக்கு என்று போனால் குடும்பம் உடைந்துவிடுமே என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் இருவருக்குமே உரிமை உண்டு. முதலில் உங்களுடையதைச் சொல்கிறேன்.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை பிஜியில் 1970-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது. அதன் 6-ஆவது பிரிவில் மகன், மகள் என்ற பிரிவினையே கிடையாது. துணைவியும் முன்பே இறந்துவிட்டதால் சொத்து முழுவதும் பிள்ளைகளுக்குச் சம பங்காகப் போகிறது. குத்தகை உரிமையும் சொத்துதான். ஆகவே மூன்றில் ஒரு பாகம் உங்களுடையது. கல்யாணத்தில் நகை போட்டார்களா, சீர் செய்தார்களா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. மணமான மகளையும் மணமாகாத மகளையும் அது வேறு வேறாகப் பார்ப்பதும் இல்லை.

அண்ணன் சொல்வது, கப்பலில் வந்த தாத்தாக்கள் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த வழக்கம். அந்த ஊரிலேயே அது மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 1989-லும் இந்தியா முழுவதற்கும் 2005-லும் இந்து மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கைச் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டங்கள் பிஜிக்குப் பொருந்தா. உங்களுக்கு அவை தேவையும் இல்லை. பிஜியில் இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று என்று தனித்தனி வாரிசுச் சட்டங்கள் இல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம். இந்த விஷயத்தில் நீங்கள் எவ்வளவு நல்ல இடத்தில் இருக்கிறீர்கள் என்பது பக்கத்து டோங்காவைப் பார்த்தால் தெரியும். அங்கே குடும்பத்துக்கான நில ஒதுக்கீடு ஆண்களுக்கு மட்டுமே என்று சட்டமே சொல்கிறது. கைம்பெண்ணுக்கு அது உயிர் உள்ளவரை அனுபவிக்கும் உரிமைதான். மறுமணம் செய்துகொண்டால் அதுவும் போய்விடும். அந்தப் பெண்கள் சட்டத்தையே மாற்றப் போராட வேண்டியிருக்கிறது. நீங்கள் இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேட்டாலே போதும்.

அடுத்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள். உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பெரும்பாலும் அது, அண்ணன் நிர்வாகியாவதற்கு நீங்கள் தந்த சம்மதமாகத்தான் இருக்கும். ஒருவர் நிர்வாகியாக இருக்கட்டும் என்று சம்மதிப்பது வேறு, என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித் தருவது வேறு. நம் ஊர்களில் விடுதலைப் பத்திரம் என்பார்களே, அப்படி எழுதியிருந்தால்தான் சிக்கல். அப்படியே எழுதியிருந்தாலும், என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் விளக்காமல், தனி வக்கீலின் யோசனை கேட்க வாய்ப்புத் தராமல், பணம் எதுவும் கொடுக்காமல் வாங்கிய கையெழுத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி இருக்கிறது. நிர்வாகப் பத்திரம் வழங்கிய கோப்பு உயர் நீதிமன்றப் பதிவகத்தில் இருக்கும். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்கும் வரை, 'நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்' என்று அண்ணனிடமோ உறவினர்களிடமோ ஒப்புக்கொண்டு பேச வேண்டாம்.

நிர்வாகப் பத்திரம் கையில் இருப்பதால் அண்ணன் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடவில்லை. உங்களுக்காகவும் தம்பி குடும்பத்துக்காகவும் சொத்தைக் காக்கும் பொறுப்பாளர் அவர். கடன்களைத் தீர்த்து, மிச்சத்தைப் பங்கிட்டுத் தர வேண்டியது அவருடைய கடமை. இத்தனை ஆண்டுகளில் ஆலை தவணை தவணையாகக் கொடுத்த கரும்புப் பணத்துக்கும் அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெட்டுக்கூலி, லாரி வாடகை, உரம், குத்தகைப் பணம் எல்லாம் அந்த வருமானத்திலிருந்துதான் போயிருக்கும். வெயிலிலும் புயலிலும் அந்த நிலத்தில் நின்றவர் அவர். அந்த உழைப்புக்கு நியாயமான தொகையைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழி உண்டு. நீங்களும் அதை மறுக்கக் கூடாது. கழித்தது போக நிற்பதில்தான் உங்கள் மூன்றில் ஒரு பாகம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, 2029 பற்றியது. பிஜியில் விவசாயக் குத்தகை விவசாய நில உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் கீழ் பெரும்பாலும் 30 வருடத்துக்குத் தரப்படுகிறது. முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் உரிமை கிடையாது. 1997 முதல் பழைய குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிந்தபோது எத்தனையோ கரும்புக் குடும்பங்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டு வெளியேறியதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். ஆகவே அண்ணனின் கணக்கு இது: 2029 வரை இழுத்தடித்தால் அப்பாவின் குத்தகை தானாகச் செத்துவிடும், பங்கு கேட்க எதுவும் மிஞ்சாது, புதுக் குத்தகை தன் பெயரில் வந்துவிடும்.

இந்தத் தந்திரத்துக்குப் பதில் ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. 1726-இல் இங்கிலாந்தில் கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட் என்று ஒரு வழக்கு. ரோம்ஃபோர்ட் சந்தையின் குத்தகை ஒரு சிறு பிள்ளைக்குச் சேர வேண்டியது. பொறுப்பாளர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தகை முடிந்தபோது, சிறு பிள்ளைக்குப் புதுப்பித்துத் தர முடியாது என்று நிலச் சொந்தக்காரர் மறுத்துவிட்டார். பொறுப்பாளர் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் மோசடி எதுவும் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் அந்தப் புதுக் குத்தகையையும் பிள்ளைக்காகவே வைத்திருக்க வேண்டும் என்றது. பொறுப்பாளருக்குச் சபலம் வர இடமே தரக் கூடாது என்பதுதான் காரணம். பிஜியின் நீதிமன்றங்கள் ஆங்கிலேய நியாய முறையின் வழி வந்தவை; இந்த விதி அங்கேயும் வாதிடக்கூடியது. அதாவது, நிர்வாகியாக இருந்துகொண்டே அண்ணன் தன் பெயரில் புதுக் குத்தகை எடுத்தால், அதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு என்று கேட்க முடியும்.

இருந்தாலும் இதை நம்பி 2029 வரை உட்கார்ந்திருக்காதீர்கள். குத்தகை முடிந்த பிறகு, 'இது நில உரிமையாளர்கள் எனக்குத் தனியாகத் தந்தது' என்று அவர் வாதிடுவார். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இப்போதே நில வாரியத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இந்தக் குத்தகை இறந்தவரின் சொத்து, மூன்று வாரிசுக் கிளைகள் இருக்கின்றன, எங்களுக்குத் தெரியாமல் மாற்றமோ புதுப்பித்தலோ செய்ய வேண்டாம் என்று. பூர்வகுடி நிலத்தின் பெரும்பாலான குத்தகைகளை நடத்துவது அந்த வாரியம்தான். குத்தகை பதிவானதாக இருந்தால், பட்டாப் பதிவாளரிடம் கேவியட், அதாவது உங்களுக்குத் தெரியாமல் பதிவை மாற்றாமல் தடுக்கும் அறிவிப்பு, போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். பங்கு பிரிக்கப்படாத சொத்தில் வாரிசு போடும் கேவியட்டை எதிர்த்தரப்பு கேள்வி கேட்கக்கூடும். ஆகையால் அதை மட்டும் நம்பாமல், கணக்குக் கேட்டும் தேவையானால் நிர்வாகியை மாற்றக் கேட்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போகத் தயாராக இருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதையெல்லாம் ஆரம்பித்ததும் யாராவது பெரியவர் நடுவில் வந்து, "ஆளுக்கு மூன்றரை ஏக்கர், வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்" என்பார். செய்யாதீர்கள். பூர்வகுடி நில அறக்கட்டளைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வாரியத்தின் முன் சம்மதம் இல்லாமல் குத்தகை நிலத்தில் செய்யும் எந்தக் கைமாற்றமும் செல்லாது. நல்ல எண்ணத்தோடு குடும்பத்துக்குள் எழுதிய பாகப்பிரிவினைகள் இந்த ஒரு பிரிவில் இடறி விழுகின்றன. உங்கள் நிலைமைக்கு நான் சிறந்ததாக நினைப்பது, நிலத்தைத் துண்டு போடாமல் இருப்பதுதான். அண்ணனே பயிரிடட்டும். மிச்சமிருக்கும் குத்தகைக் காலம், வீடு, நிற்கும் கரும்பு ஆகியவற்றை மதிப்பிட்டு உங்கள் இரண்டு பங்கையும் பணமாகத் தரட்டும். குத்தகை முடியும்போது, நில உரிமையாளர் சம்மதத்தோடு செய்த மேம்பாடுகளுக்கு ஈட்டுத்தொகை கேட்கவும் முன்பு சொன்ன அதே குத்தகைச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தத் தொகையிலும் மூன்று பங்கு என்று இப்போதே எழுதி, வாரியத்தின் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி தம்பி மனைவி. அவருக்கு இரண்டு கதவுகள். இரண்டையும் இரண்டு வீட்டு ஆண்கள் சாத்தியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் நிலத்தைப் பொறுத்தவரை பதில் சுலபம். தந்தை இறந்த நாளிலேயே தம்பிக்கு மூன்றில் ஒரு பாகம் சேர்ந்துவிட்டது. 2021-இல் அவர் இறந்தபோது அது அவருடைய சொத்தாக அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அவர் பூர்வகுடிப் பெண் என்பதோ, கிராமத்தில் நிலம் இருக்கிறதா என்பதோ இங்கே கேள்வியே இல்லை. தம்பியின் சொத்துக்குத் தனியாக நிர்வாகப் பத்திரம் வாங்க வேண்டும்.

கிராமத்து நிலத்தில், திருமணமானதால் அவர் தன் மதாங்கலியிலிருந்து, அதாவது பிறந்த குலக்குழுவிலிருந்து, நீங்கிவிடுவதில்லை. பூர்வகுடிகளின் பிறப்புப் பதிவேடான வோலா நி கவா புலாவில் அவர் பெயர் அவர் குலத்தின் கீழ்தான் இருக்கிறது. முன்பெல்லாம் குத்தகைப் பணத்தில் வாரியம் தன் செலவை எடுத்துக்கொண்ட பிறகு, மூன்று நிலைத் தலைவர்களுக்கு 5, 10, 15 சதவீதம் என்று போய், மிச்சம் 70 சதவீதம் குலத்தாருக்கு வரும். அதையும் யாருக்கு எவ்வளவு என்று உள்ளூர் ஆண்களே முடிவு செய்வார்கள். பெண்கள் கைக்கு வந்து சேர்வது அவர்கள் மனசைப் பொறுத்தது. 2011 முதல் அந்த முறை போய், பதிவேட்டில் உள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும், ஆணோ பெண்ணோ, சம பங்கு என்றாகிவிட்டது. அவருக்குப் பணம் வரவில்லை என்றால் சகோதரர்களிடம் கெஞ்சத் தேவையில்லை. வாரியத்தில் போய்ப் பதிவேட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயம் கடினம். தகப்பன் வழியே குலம் என்பதுதான் பொதுவழக்கம். தகப்பன் பூர்வகுடி அல்லாதபோது தாயின் குலத்தில் பதிய நில ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் குலத்தாரின் சம்மதம் அங்கே மிகவும் முக்கியம். கிராமத்தில் அந்தப் பிள்ளைகளை வாசு, அதாவது தங்கள் குலத்துப் பெண்ணின் பிள்ளைகள், என்று கொண்டாடுவார்கள். அந்தப் பாசம் உண்மையானது. ஆனாலும் வீடு கட்ட ஒரு மனை வேண்டும் என்றால் அது பதிவேட்டாலும் பெரியவர்களின் சொல்லாலும்தான் கிடைக்கும். நீதிமன்ற உத்தரவு அங்கே அதிகம் உதவாது. அவருடைய தாய் உயிரோடு இருந்தால், அல்லது மூத்த அத்தைமார் இருந்தால், அவர்கள் வழியாகப் பேசுவதே நல்லது.

'மணமாகிப் போனவளுக்கு நிலமில்லை, அது எங்கள் மரபு' என்று சகோதரர்கள் சொன்னால் அவர் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். வனுவாட்டுவில் சாண்டோ தீவின் ஷாம்பெயின் கடற்கரை வருமானத்தைப் பற்றிய நோயல் எதிர் டோட்டோ வழக்கில், இதே வாதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995-இல் ஏற்க மறுத்தது. பெண் என்பதற்காக உரிமை குறைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. அந்தத் தீர்ப்பு பிஜியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பசிபிக் தீவுகளின் மரபு என்றாலே பெண்ணுக்கு இல்லை என்றுதான் பொருள் என்று இனி யாரும் அடித்துப் பேச முடியாது. குவாடல்கனாலிலும் மார்ஷல் தீவுகளிலும் நிலம் தாய்வழியேதான் வருகிறது.

வழக்குப் போட்டால் குடும்பம் உடையும் என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் சகோதரி, உங்கள் மௌனத்தால் இப்போது ஒன்றாக இருப்பது யார்? தம்பியின் பிள்ளைகள் ஏற்கனவே வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். கணக்குக் கேட்பது பகை அல்ல. அண்ணன் நீதிமன்றத்துக்கு உறுதி கொடுத்துப் பெற்ற பொறுப்பு அது. முதலில் நீங்களும் தம்பி மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு அண்ணனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். 2018 முதல் வரவு செலவுக் கணக்கு வேண்டும், பங்கைப் பேசித் தீர்க்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும் என்று மரியாதையாக எழுதுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் சட்ட உதவி ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அவர்கள் கட்டணமின்றி வாதாடுகிறார்கள். போகும்போது அப்பாவின் இறப்புச் சான்று, உங்கள் மூவரின் பிறப்புச் சான்றுகள், தம்பியின் இறப்புச் சான்றும் திருமணச் சான்றும், குத்தகை ஆவணத்தின் நகல், கிடைத்த வரை ஆலையின் கரும்புப் பணச் சீட்டுகள், அந்த ஒரு மாதக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். அன்று படிக்காமல் கையெழுத்திட்ட தாள் கிடைத்ததும், அதில் என்ன இருக்கிறது என்று மருமகனை வரிக்கு வரி தமிழில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.