மடிவீக்கத்துக்குக் கற்றாழைப் பூச்சு

உங்கள் பசுவுக்கு ஒரு காம்பு மட்டும் வீங்கி, பால் திரிந்து வருகிறது, ஆனால் தீனி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் மூலிகைப் பூச்சு நன்றாகக் கேட்கும்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம் (தோலோடு, முள் நீக்கி), மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செந்நிற விழுது வரும். பலரும் தவறுவது இங்கேதான்: அப்படியே கெட்டியாக அப்பிவிடுகிறார்கள், காய்ந்து உதிர்ந்துவிடும். கைப்பிடி விழுதில் 150-200 மில்லி தண்ணீர் கலந்து, பாலை முழுதும் கறந்து மடியைக் கழுவியபின் மடி முழுக்கப் பூசுங்கள். ஒரு நாளைக்கு 8-10 முறை, ஐந்து நாள். விழுதைத் தினமும் புதிதாக அரையுங்கள்.

அந்தக் காம்பைக் கடைசியில் கறங்கள். அதன் பாலைத் தொழுவத்தில் ஊற்றாதீர்கள், கிருமி அடுத்த மாட்டுக்குப் போகும். காய்ச்சல் வந்தாலோ, மடி சில்லிட்டு நீலம் பாரித்தாலோ அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அப்போது ஊசியைத் தள்ளிப்போட்டால் மாடே போய்விடும்.