ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா? முதலில் அது எந்த ஈயம் என்று பாருங்கள்

கேள்வி: கோயில் கடைத்தெருவில் 450 கிராம் எடையுள்ள ஈயச் சொம்பு ஒன்று வாங்கினேன். "வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும், சுத்த ஈயம் என்பதற்கு அதுவே சாட்சி" என்றார் கடைக்காரர். ஈயம் விஷம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதாக மகள் சொல்கிறாள். ஐந்து வயதுப் பையனும் வீட்டில் இருக்கிறான். இதில் ரசம் வைக்கலாமா?

பதில்: வெள்ளீயம் என்றால் வைக்கலாம். காரீயம் கலந்திருந்தால் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் இத்தனை குழப்பமும். வெள்ளீயம் என்பது தகர டப்பாவின் உட்புறம் பூசுகிற டின். காரீயம் என்பது கார் பேட்டரிக்குள் இருக்கிற லெட். மகள் படித்தது காரீயத்தைப் பற்றி. புளியும் தக்காளியும் காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும், சுவையில் அது தெரியவே தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைக்காரர் சொன்ன சாட்சி செல்லாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-ல். ஆனால் இரண்டையும் கலந்தால் அந்தக் கலவை இரண்டைவிடவும் சீக்கிரம் உருகும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சால்டரிங் லெட்டில் ஏறக்குறைய 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அது 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஆகவே உருகுகிறது என்பதை வைத்துச் சுத்தம் என்று சொல்லவே முடியாது. பளபளப்பும் அப்படித்தான், கலப்படச் சொம்பும் புதிதில் வெள்ளி மாதிரி மின்னும். வளைத்தால் 'கறுக் கறுக்' என்று சத்தம் வருவது வெள்ளீயத்தின் குணம்தான், என்றாலும் கொஞ்சம் காரீயம் சேர்ந்தால் அந்தச் சத்தம் நின்றுவிடாது. வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலக் கருமையாக விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது. கோடு விழாவிட்டால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான சோதனை எடைச் சோதனை. ஒரு கிராம் வரை காட்டும், 5 கிலோ தாங்கும் சமையலறைத் தராசு போதும். சொம்பு முழுதாக முங்குகிற பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பின் கழுத்தில் மெல்லிய நூலைக் கட்டி, சாய்த்தபடி உள்ளே இறக்குங்கள், உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேற வேண்டும். முழுதும் முங்கியிருக்க வேண்டும், அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, நூல் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்தான் சொம்பில் உள்ள உலோகத்தின் கன அளவு. காரீயம் வெள்ளீயத்தைவிட அடர்த்தியானது, அதனால் அது கலந்தால் அதே எடைக்கு இந்த எண் குறையும்.

உங்கள் 450 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் 62 காட்டும். பத்து சதவீதம் காரீயம் இருந்தால் 59 அல்லது 60, இருபது சதவீதம் என்றால் 57, சால்டரிங் லெட்டையே வார்த்திருந்தால் 53. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடி, கெட்ட சொம்பும் நல்லதாகத் தெரியும். அதனால் மூன்று முறை செய்து, வருவதில் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை மோசடியைத்தான் பிடிக்கும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே உள்ள கலப்பைப் பிடிக்காது. ஐரோப்பாவில் வெள்ளீயக் கலவைப் பாத்திரத்துக்கான தரவிதி 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயத்தை அனுமதிப்பதில்லை. அந்த நுணுக்கத்துக்கு ஆய்வுக்கூடம்தான் போக வேண்டும். "காரீயம் எத்தனை சதவீதம்" என்று எழுதிக் கேளுங்கள், "ஈயம் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். நகைக்கடையின் கேரட் மீட்டரிலும் சிலர் காட்டுகிறார்கள். பல கருவிகள் தங்கத்துக்கென்றே அமைக்கப்பட்டவை, காரீயத்தைச் சரியாகப் படிக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சொம்பு சுத்தமாக இருந்தும் கெட்டுப்போகும் ஒரே வழி, ஒட்டுப்போடுவது. அடியில் ஓட்டை விழுந்த சொம்பைப் பாத்திரம் அடைப்பவரிடம் கொடுத்தால், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் சால்டரிங் லெட்தான். பத்து கிராம் வைத்து அடைப்பார். 450 கிராமில் பத்து கிராம் எடைச் சோதனையில் தெரியவே தெரியாது. ஆனால் ஒட்டு உள்பக்கம், அதுவும் அடியில், புளித்தண்ணீர் கொதிக்கும் அதே இடத்தில் இருக்கும். பாட்டி காலத்துச் சொம்பு என்று நம்பி எடுப்பவர்கள் முதலில் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். மேடோ, நிறம் மாறிய வட்டமோ தட்டுப்பட்டால் அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். காரீயம் இல்லாத சால்டரும் கடையில் கிடைக்கிறது. ஆனால் எதை வைத்து அடைத்தார் என்பதை ஒட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

"பழைய ஈயத்தைக் கொடுங்கள், உருக்கிப் புதுச் சொம்பு தருகிறோம்" என்று வீடு தேடி வருபவரிடமும் கொடுக்காதீர்கள். ஊரார் ஈயம் எல்லாம் ஒரே கொப்பரையில் உருகும், உங்கள் நல்ல ஈயம் உங்களுக்கே திரும்பி வராது. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை, அதனால்தான் கலக்கிறார்கள். பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் காரணம் இதுதான்.

அரைப் பவுன் தங்கக் கம்மலைக்கூட ஆறு எழுத்து அடையாள எண் இல்லாமல் விற்கக் கூடாது என்று 2023 ஏப்ரலில் இருந்து சட்டம் இருக்கிறது. குழந்தை குடிக்கும் ரசத்தைத் தாங்கும் சொம்புக்கு அப்படி ஒரு முத்திரையும் இல்லை. வாங்குகிறவர்தான் தராசும் நூலும் டப்பாவும் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது வெட்கக்கேடு. அப்படி ஒரு முத்திரை வரும்வரைக்கும் பில்லில் "வெள்ளீயம், காரீயம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

சோதனையில் 62 வந்து, ஆய்வுக்கூட அறிக்கையும் சரியாக இருந்தால் தாராளமாக ரசம் வையுங்கள். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். தீ தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறக் கூடாது. பருப்பு அடியில் தங்கிப் பிடித்தால் அந்த இடம் 232 டிகிரியைத் தாண்டி இளகிவிடும், எனவே மண்டி விடாத தெளிவுப் பருப்புத் தண்ணீரை மட்டும் சேருங்கள். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுங்கள். நுரை பொங்கியதும் இறக்கி, வேறு பாத்திரத்தில் மாற்றிவிடுங்கள்.

60 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பையன் ஏற்கெனவே பல மாதங்களாக அதில் வைத்த ரசம் சாப்பிட்டிருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கிருந்து சேர்கிறது என்று தேடி நிறுத்த வேண்டும். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தால் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், அது உருகி இன்னொரு சொம்பாக வேறு வீட்டுக்குப் போகும். அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.