வாசகர் கேள்வி – பதில்: ஒரு பெண்ணின் நாளை அளந்து பார்த்தால்

வளரும் நாடுகளின் நகரங்களையும் அன்றாடக் கருவிகளையும் பெண்களின் தேவையை முன்வைத்து வடிவமைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாலையும் பேருந்தும் எல்லோருக்கும் பொதுவானவைதானே? அவற்றில் ‘பெண்களின் தேவை’ என்று தனியாக ஒன்றைப் பிரிப்பது எதற்கு? வகுப்பில் இந்தக் கேள்வி எழுந்தபோது என்னால் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை.
— நகரமைப்பு படிக்கும் மாணவி

பொதுவானவை என்று நாம் நினைக்கும் பல ஏற்பாடுகள் ஒரு குறிப்பிட்ட மனிதரை மனத்தில் வைத்தே வரையப்பட்டிருக்கின்றன. காலையில் தனியாக, வெறுங்கையோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, நகரின் நடுவில் இருக்கும் வேலையிடத்துக்குப் போய், மாலையில் அதே வழியில் திரும்புகிறவர் அவர். போக்குவரத்துத் திட்டங்கள் நெடுங்காலம் இந்த ஒரு பயணத்தையே முதன்மையாக எண்ணின. பெண்களில் பலருடைய பயணமோ குழந்தையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து வேலைக்குப் போய், திரும்பும் வழியில் சந்தையில் இறங்கி, வீட்டிலிருக்கும் முதியவருக்கு மருந்து வாங்கிக்கொண்டு வருவதாக, துண்டு துண்டாக, பெரும்பகுதி நடையாக, பெரும்பாலும் கையில் பிள்ளையோடோ சுமையோடோ அமைகிறது. ஏறும்போதெல்லாம் புதிதாகக் கட்டணம் வாங்கும் முறையில், அதே தூரத்தை ஒரே வண்டியில் கடப்பவரைவிட இவர் அதிகம் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே, குறித்த நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் செல்லுபடியாகும் பயணச்சீட்டு, உடைபடாத நடைபாதை, தாழ்வான பேருந்துப் படி, நண்பகலிலும் தவறாமல் வரும் வண்டி ஆகியவை பெண்களின் தேவைப் பட்டியலில் முதலில் நிற்க வேண்டியவை. அவற்றால் முதியவரும் ஊன்றுகோலோடு நடப்பவரும் அதே அளவு பயன்பெறுவார்கள் என்பதையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

இதன் வேர் நேரத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டை நகரத்தின் வரைபடம் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும்.

குறைக்க முயன்ற நகரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கொலம்பியாவின் தலைநகரான போகோட்டா. அந்நகர மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் மேயரான கிளாடியா லோப்பஸ் பதவியேற்ற 2020-ஆம் ஆண்டில் ‘பராமரிப்பு வட்டாரங்கள்’ என்ற ஏற்பாடு அங்கே தொடங்கியது. குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் பெண் தன் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே துணி துவைக்கும் இடம், சட்ட ஆலோசனை, பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்கும் வகுப்பு, உடற்பயிற்சி ஆகியவற்றைப் பெறுகிறார். அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவர் பராமரிக்கும் குழந்தையை அங்கேயே வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றவை அனைத்தும் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கும். வீட்டுப் பராமரிப்பை ஆண்களுக்குக் கற்றுத்தரும் வகுப்புகளையும் அதே திட்டத்தில் சேர்த்தது, வேலையை எளிதாக்குவதோடு நின்றுவிடாமல் அதைப் பங்கிடவும் வேண்டும் என்று நகர நிர்வாகம் நினைத்ததைக் காட்டுகிறது.

புகை குறைந்த அடுப்புகளைக் கிராமங்களில் கொடுத்தோம். சில மாதங்களில் பெரும்பாலானவை மூலையில் கிடந்தன. மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எங்கள் குழுவினர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— தொண்டு நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளர்

உங்கள் குழுவினரின் முடிவை நான் ஏற்கவில்லை. சிக்கல் உண்மையானது என்பதில் ஐயமில்லை. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் ஒடிசாவில் அத்தகைய அடுப்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முதலாண்டில் குறைந்த புகை பின்னர் குறையாமல் போனதற்கு, அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படாததும் பழுது பார்க்கப்படாததுமே காரணங்களாகத் தெரிந்தன. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரியும் அடுப்பில் வீட்டின் பெரிய பாத்திரம் உட்காருகிறதா, விறகைச் சிறு துண்டுகளாக வெட்டும் கூடுதல் வேலை யார் தலையில் விழுகிறது, புகைபோக்கி அடைத்துக்கொண்டால் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளைச் சமைக்கிறவரிடம் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது. விழிப்புணர்வு வகுப்பை இன்னொரு முறை நடத்துவதைவிட, மூலையில் கிடக்கும் ஓர் அடுப்பின் அருகில் அந்த வீட்டுப் பெண்ணோடு ஒரு முழுச் சமையல் நேரம் உட்கார்ந்து பார்ப்பது உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும்.

இன்னொரு தடையும் உண்டு. வங்கதேசத்தின் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், நலத்துக்கு உகந்த அடுப்பை இலவசமாகக் கொடுத்தபோது ஆண்களைவிடப் பெண்கள் அதை அதிகம் விரும்பினார்கள். சிறு தொகை கேட்டபோதோ, வாங்கும் முடிவை எடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லாததால் அந்த விருப்பம் செயலாக மாறவில்லை. பயன்படுத்துகிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் வேறொருவர் என்றிருக்கும் வீட்டில், விற்பனை எண்ணிக்கையை வைத்துப் பெண்களின் விருப்பத்தை அளக்கக் கூடாது.

தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ‘பிளேபம்ப்’ என்ற கருவியையும் நினைத்துக்கொள்கிறேன். குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாடும்போது தண்ணீர் மேலேறித் தொட்டியில் நிறையும் என்பது அதன் கருத்து; 2006 வாக்கில் அதற்குப் பெருந்தொகை கிடைத்தது. குழந்தைகள் எந்நேரமும் விளையாடிக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா? முன்பிருந்த கைப்பம்பை அகற்றிவிட்ட இடங்களில், வயதான பெண்கள் அந்த ராட்டினத்தைக் குனிந்து தள்ளித் தண்ணீர் எடுக்க நேர்ந்தது. தண்ணீருக்கு வந்து நிற்கிறவர் யார் என்று முதலில் பார்த்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

பெண்களின் பாதுகாப்புக்குக் கண்காணிப்புக் கேமராவும் அவசர உதவிச் செயலியும் போதாதா?
— மூன்று வாசகர்கள்

இரண்டும் பெரும்பாலும் தவறு நடந்த பிறகு உதவுபவை. தவறு நடக்கும் வாய்ப்பைக் குறைப்பது இடத்தின் அமைப்பு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனையொட்டிய கயெலிட்சாவில், வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக்கு நடந்து போகும் பெண்கள் தாக்கப்படுவதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கணித மாதிரி கொண்டு ஆராய்ந்தது. கழிப்பறைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ இரு மடங்காக்கினால் பாலியல் தாக்குதல்கள் கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறையும் என்றும், தாக்குதல்களால் சமூகத்துக்கு நேரும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் செலவு குறையவே செய்யும் என்றும் அது கணக்கிட்டது. கழிப்பறையைச் சுகாதாரத் துறையின் கணக்கில் மட்டும் எழுதும் நகரம் இந்தப் பயனைக் காண்பதே இல்லை.

தொழில்நுட்பத்தை நான் ஒதுக்கவில்லை. இந்தியாவில் 2013-இல் தொடங்கிய ‘சேஃப்டிபின்’ செயலி, ஒரு தெருவை வெளிச்சம், திறந்தவெளி, நடைபாதை, பொதுப் போக்குவரத்து, அங்கே நடமாடும் பெண்களின் அளவு என்பன போன்ற ஒன்பது கூறுகளில் மதிப்பிட்டு வரைபடமாக்குகிறது. அதில் கிடைக்கும் தகவல் விளக்குக் கம்பத்தை எங்கே நடுவது என்று நகராட்சிக்குச் சொல்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் பெண்ணின் கைப்பேசிக்குள் தள்ளிவிடும் செயலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. பாதுகாப்பற்ற பாதைக்குப் பெண்கள் கொடுக்கும் விலை தாக்குதலில் மட்டும் இல்லை. தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய ஒரு பொருளியல் ஆய்வு, பாதுகாப்பான வழியில் போய்வர முடியும் என்பதற்காகவே மாணவிகள் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டியது. காவல் நிலையத்தின் எந்தப் பதிவேட்டிலும் இந்த இழப்பு ஏறுவதில்லை.

கட்டணமில்லாப் பேருந்து, பெண்களுக்கான தனிப் பெட்டி ஆகியவை தீர்வாகுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

கட்டணமில்லாப் பயணத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். தில்லியில் 2019-இலும், தமிழ்நாட்டில் 2021-இலும், கர்நாடகத்தில் 2023-இலும் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் வெளியே கிளம்ப முடிவதே தனியான ஒரு விடுதலை. ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை கூடாவிட்டால் நெரிசல் கூடும். தனிப் பெட்டி இன்றைக்கு நிம்மதி தருகிறது என்பதை மறுக்க மாட்டேன். பொதுப் பெட்டியில் ஏறிய பெண்ணைப் பார்த்து ‘அங்கே போகாமல் இங்கே ஏன் வந்தாய்?’ என்று கேட்கும் நிலையை அது உண்டாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் இணையத்தைக் குறைவாகப் பயன்படுத்துவதற்குப் படிப்பறிவுக் குறைவுதான் காரணமா? செயலி உருவாக்கும் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?
— மென்பொருள் பணியாளர்

படிப்பும், கருவியின் விலையும் காரணங்கள்தாம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் கைப்பேசி வழியாக இணையத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 15 விழுக்காடு குறைவு என்று கைப்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-இல் அறிவித்தது. ஆனால் உங்கள் துறை மாற்றக்கூடிய ஒரு காரணத்தைச் சொல்கிறேன். ஒரு கைப்பேசிக்கு ஓர் உரிமையாளர் என்ற எண்ணத்தில்தான் செயலிகள் எழுதப்படுகின்றன. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, பெண்களின் கைப்பேசியைக் கணவரும் பிள்ளைகளும் மாமியாரும் எடுத்துப் பார்ப்பது வழக்கமாக இருப்பதையும், அதனால் அவர்கள் தேடியவற்றை அழித்தும், சில செயலிகளை மட்டும் பூட்டியும், சிலவற்றைத் தொடாமலே விட்டும் சமாளிப்பதையும் பதிவு செய்தது. பிறர் கையில் இருக்கும் திரையில் மகப்பேறு குறித்த நினைவூட்டல் முழு எழுத்தில் வந்து நின்றால் என்னாகும் என்று உங்கள் குழு ஒருமுறையாவது யோசித்திருக்கிறதா? அறிவிப்பில் விவரம் தெரியாமல் இருப்பது, ஒரே தொடுதலில் வரலாறு அழிவது, குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டும் பூட்டு ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து எழுதுங்கள்.

சோதனைத் தரவையும் கவனியுங்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்களின் முகங்களில் 34.7 விழுக்காடு வரையும், வெளிர்நிற ஆண்களின் முகங்களில் அதிகம் போனால் 0.8 விழுக்காடும் பிழை செய்ததை ஜாய் போலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-இல் நிறுவினார்கள். எல்லா முகங்களையும் சேர்த்துச் சராசரி மட்டும் பார்த்திருந்தால் இது வெளிவந்திருக்காது.

பெண்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதால் வருமானம் உயரும் என்பதற்குச் சான்று உண்டா? இல்லையென்றால் இந்தச் செலவை எப்படி நியாயப்படுத்துவது?
— கணக்காயர்

சான்று உண்டு, ஆனால் எங்கும் ஒரே மாதிரி இல்லை. தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டால் கிராமங்களுக்கு மின்சாரம் சென்ற பிறகு, ஐந்தாண்டுகளில் பெண்களின் வேலைவாய்ப்பு 9 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்ததை ஓர் ஆய்வு கண்டறிந்தது. விறகுக்கும் அடுப்புக்கும் போன நேரம் மீண்டது அதற்கு ஒரு காரணம். கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச்சேவையின் விளைவாக ஏறத்தாழ 1,85,000 பெண்கள் உழவிலிருந்து சிறுவணிகத்துக்கு மாறியதாக 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மாறாக, மொராக்கோவின் டான்ஜியர் நகரில், பொதுக் குழாயை நம்பியிருந்த வீடுகளுக்குக் கடன் கொடுத்து வீட்டுக் குழாய் இணைப்பு தந்தபோது வருமானம் உயரவில்லை. மிச்சமான நேரம் ஓய்வுக்கும் உறவுகளுக்கும் போனது. தண்ணீரால் எழும் சச்சரவுகள் குறைந்தன. வாழ்க்கை முன்பைவிட நன்றாக இருப்பதாக மக்கள் உணர்ந்தார்கள்.

ஐயா, டான்ஜியரின் முடிவை நான் தோல்வியாக எண்ணவில்லை. ஆண்கள் அலுவலகம் போகும் சாலைக்கு மேம்பாலம் கட்டும்போது, மிச்சமாகும் பத்து நிமிடத்தில் அவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்களா என்று எவரும் தணிக்கை செய்வதில்லை. நேரம் மிச்சமாவதையே பயனென்று திட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறோம். அதே கணக்கைப் பெண்களின் ஓய்வுக்கும் போடும்படிதான் கேட்கிறேன்.

எங்கள் மன்றத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால் பெண்கள் வருவதில்லை, வந்தாலும் பேசுவதில்லை. என்ன செய்வது?
— உள்ளாட்சி உறுப்பினர்

கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று எழுதவில்லையே? மாலை ஆறு மணிக்குச் சமையலை விட்டுவிட்டு வருவது கடினம். நேரத்தை அவர்களே குறிக்கட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். பெண்கள் மட்டும் பேசும் ஓர் அமர்வை முதலில் வையுங்கள்.

தலைமையில் யார் இருக்கிறார்கள் என்பதும் பேச்சை மாற்றுகிறது. இந்தியாவில் 1993 முதல் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதை மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்தவர்கள், பெண் தலைவர்கள் இருந்த ஊராட்சிகள் குடிநீரில் அதிகம் முதலீடு செய்ததையும், பெண்கள் மிகுதியாக முறையிட்டுவந்த குறையே அது என்பதையும் கண்டார்கள். பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில், சந்தை வாடகையைக் கைப்பேசி வழியாகச் செலுத்தும் முறை வந்ததற்குக் காரணம், அதைப் பணமாகக் கொடுக்கும்போது மிரட்டலுக்கு ஆளான பெண் வணிகர்கள் வாய்திறந்து சொன்னதுதான்.

அறைக்குள் பேசாதவர்கள் தெருவில் பேசுவார்கள். கனடாவின் டொரண்டோவில் 1989-இல் உருவான பாதுகாப்புத் தணிக்கை நடையை உங்கள் பகுதியில் செய்து பாருங்கள். இருட்டிய பிறகு, அந்தத் தெருவைத் தினமும் பயன்படுத்தும் பத்துப் பெண்களோடு உங்கள் பொறியாளரும் நடக்கட்டும். எரியாத விளக்கு, மூடிய கழிப்பறை, நிழற்குடை இல்லாத நிறுத்தம் என்று அவர்கள் சொல்வதை அங்கேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் கழித்து, அதே பெண்களிடம் அந்த வரைபடத்தைக் கொண்டுபோய், எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதன் பிறகு நடக்கும் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை இந்தப் பகுதியில் வெளியிட ஆவலாக இருக்கிறேன்.