கஞ்சாப் பிசின் எடுக்கும் காணொளிகளும் உங்கள் மகனின் எதிர்காலமும்

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். கஞ்சாப் பிசின் எடுக்கும் காணொளிகளைப் பார்த்து, சுருள் குழாய், குடுவை, அழுத்தமானி என்று பென்சிலில் வரைந்து, ஓரத்தில் '31 டிகிரி, 74 பார்' என எழுதி வட்டமிட்டிருக்கிறான் உங்கள் மகன். பையன் கெட்டுப்போனானோ என்று நீங்கள் பதறியதில் தவறில்லை. எனக்கு அந்த வட்டம் நம்பிக்கை தந்தது. கரியமில வாயு 31 டிகிரி வெப்பத்தையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் வாயுவைப் போல ஊடுருவும், திரவத்தைப் போலக் கரைக்கும். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். பாடநூலைத் தாண்டி, தானாகவே தேடிப் பிடித்திருக்கிறான்.

அவன் பார்க்கும் காணொளிகளில் இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கஞ்சாப் பூவின் மேல் பனித்துளிபோல் ஒட்டியிருக்கும் நுண்ணிய சுரப்பிகளில்தான் பிசின் இருக்கிறது. இமயமலைப் பகுதியில் அதைக் கையால் தேய்த்தெடுத்தார்கள்; மொராக்கோவில் உலர்த்திச் சலித்தார்கள். குளிரில் சுரப்பிகள் எளிதில் உதிரும் என்பதால் இன்று பனிக்கட்டி நீரில் அலசி வடிகட்டுகிறார்கள். சூடான தகடுகளுக்கிடையே அழுத்தியும் பிழிகிறார்கள். இவற்றில் கரைப்பான் எதுவும் இல்லை. அடுத்த வகை கரைப்பான் முறை. எத்தனால் பிசினோடு பச்சையத்தையும் மெழுகையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால் பிறகு சுத்திகரிக்க வேண்டும். பியூட்டேன் பூச்சியம் டிகிரி அளவிலேயே கொதிப்பது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும், அறையே வெடித்துவிடும். அமெரிக்காவில் வீட்டுக்குள் இதைச் செய்து உடல் கருகியவர்கள் உண்டு. கரியமில வாயு தீப்பற்றாது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் இயந்திரத்தின் விலை மிக அதிகம். காபியிலிருந்து கஃபீனை நீக்கவும் இதே முறை பயன்படுகிறது.

கனடாவில் 2019 அக்டோபரில் அனுமதி வந்தபின் இத்தகைய சாறுகளை உரிமம் பெற்ற நிறுவனங்கள் சட்டப்படி விற்கின்றன. நம் மலேசியாவில் நிலைமை முற்றிலும் வேறு. இதை அவனிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவைப் பதப்படுத்தித் தயாரிப்பதும் கடத்தலில் அடங்கும். 200 கிராமோ அதற்கு மேலோ கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. மரண தண்டனை நீங்கவில்லை. அதைத் தவிர்த்தால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் குறைந்தது 12 பிரம்படியும். 'சும்மா செய்து பார்த்தேன்' என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. வீட்டில் சின்னச் சோதனைகூட வேண்டாம்.

அதற்காக அந்த ஆர்வத்தை அடித்து அணைத்துவிடாதீர்கள். ஒரு தாவரத்திலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் கலைதான் அவனை ஈர்த்திருக்கிறது. அதுவே உங்கள் தோட்டத்துக்கு அருகில் தினமும் நடக்கிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழக்குலைகளை மூன்று பார் அளவு நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, திருகுப் பிழிகருவியில் பிழிந்து, எண்ணெயைத் தெளியவைக்கிறார்கள். செம்பனை விதைப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுக்க ஹெக்ஸேன் என்ற கரைப்பானையும் பயன்படுத்துவதுண்டு. பியூட்டேனுக்குச் சொன்ன அதே தீப்பயம் இங்கும் உண்டு; அதை அடக்கி ஆளத்தான் படித்த பொறியாளர் தேவைப்படுகிறார். ஆலையில் வேலை செய்யும் மாமா இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, மேலாளரிடம் அனுமதி கேட்டு ஒருநாள் அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

நிபோங் திபாலில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இரசாயனப் பொறியியலும் அங்கே கற்பிக்கப்படுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த வாசலைக் கடந்து போகிறார்களே தவிர உள்ளே போக வேண்டும் என்று நினைப்பதில்லை. எனக்கு உள்ளபடியே வருத்தம் தரும் விஷயம் அது.

போதைப்பொருளின் வேதியியலே அவனுக்குப் பிடித்திருந்தாலும் நேர்வழி இருக்கிறது. 1964இல் இஸ்ரேலில் ரஃபாயேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் கஞ்சாவில் போதை தரும் சேர்மமான டி.எச்.சி.யின் அமைப்பைக் கண்டறிந்தது போலீசார் பறிமுதல் செய்திருந்த ஹஷீஷ் என்ற கஞ்சாப் பிசினைக் கொண்டுதான். இங்கே பிடிபடும் பொருளைச் சோதித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்கள் அரசாங்க இரசாயனத் துறையின் வேதியியலாளர்கள். இரசாயனப் பட்டம் பெற்று, மலேசிய இரசாயனக் கழகத்தில் பதிவு செய்துகொண்டால் அந்தப் பணிக்கு முயலலாம்.

கனடாவிலோ தாய்லாந்திலோ இந்தத் துறையில் வேலை என்று இணையத்தில் ஆசை காட்டும் முகவர்களுக்கு ஒரு சென்கூடக் கட்டாதீர்கள். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் இரசாயனம், இயற்பியல், கூடுதல் கணிதம் மூன்றிலும் கிடைத்த தரத்தை எனக்கு எழுதுங்கள். அடுத்து மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பா, எஸ்.டி.பி.எம். என்ற உயர்நிலைத் தேர்வா, பாலிடெக்னிக் டிப்ளோமாவா என்பதை அதை வைத்தே முடிவு செய்வோம். விண்ணப்பத்தை நிரப்பும்போது அவனும் உடன் இருக்கட்டும்.