குத்துச்சண்டையை ஏன் இழுக்கிறீர்கள்?

கேள்வி: பிரபலங்கள் மேடையில் விளையாட்டாக ஒருவரையொருவர் வாருகிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். ஆனால் 2022 ஆஸ்கர் விழாவில் வில் ஸ்மித், கிறிஸ் ராக்கை அறைந்தது போல, சில சமயம் அது குத்துச்சண்டையில் போய் முடிகிறதே! இந்தக் கேலிக்கு எல்லை எது?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு குத்துச்சண்டையை இப்படிச் சொல்லலாமா அம்மா? அன்று நடந்தது குத்துச்சண்டையே இல்லை. விரித்த கையால் அறைந்தால் ரெஃப்ரி அந்த இடத்திலேயே ஃபவுல் என்பார். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பவரை அடிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்மித்தின் மனைவிக்கு முடி உதிரும் நோய். அவர் மொட்டைத் தலையைக் காட்டி ராக் சிரிக்க வைத்ததும் தப்பு, ஸ்மித் கை நீட்டியதும் தப்பு. அவரைப் பத்து வருடம் விழாப் பக்கம் வரக்கூடாது என்று அகாடமி சொன்னது சரிதான்.

சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய ஊர் நம்முடையது. 'ரோசமான குத்துச்சண்டை' என்றுதான் விளம்பரமே செய்வார்கள். அத்தனை ரோசத்திலும் மணி அடித்தால் கையை இறக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே குத்தக்கூடாது, எடைக்கு எடை பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். வட சென்னை என்றாலே கத்தியோடு ஓடுகிறவன் என்று படம் எடுப்பவர்களோடு இந்தப் பக்கத்தில் பல முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். அடிப்பதற்குக்கூட விதி வைத்திருந்த ஜனங்கள் இவர்கள்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எல்லிஸ் அவருடைய சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்த பழைய சிநேகிதர். நிஜமாகவும் மோதியிருக்கிறார்கள், 1971-ல். சென்னையில் நடந்தது விளையாட்டு என்பது இருவருக்கும் தெரியும், பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும். யாருக்கும் மனக்காயம் இல்லை.

அதே அலி, தன்னோடு மோதிய இன்னொரு குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியருக்குச் செய்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அலியை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக அலியின் குத்துச்சண்டை லைசன்ஸைப் பறித்திருந்த காலத்தில், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவருக்காகப் பேசியவர் ஃப்ரேசியர். பணமும் கொடுத்து உதவினார். 1971-ல் இருவரும் மோத வேண்டி வந்ததும் அலி அவரை வெள்ளைக்காரர்களின் கையாள் என்றார். 1975-ல் மணிலா சண்டைக்கு முன்னால் கொரில்லா என்றார். ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை வைத்துக்கொண்டு நிருபர்கள் முன்னால் குத்திக் காட்டினார். நிருபர்கள் சிரித்தார்கள். ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உடம்பால் ஒரே பிரிவு, இருவரும் ஹெவிவெயிட். நாக்கில்? அலிக்கு எதுகை மோனையோடு வார்த்தை கொட்டும். ஃப்ரேசியர் ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், மைக் முன்னால் திணறுவார். அந்தச் சண்டைக்கு யார் எடை பார்த்தது? மணி எப்போது அடித்தது? 2001-ல் அலி ஒரு பத்திரிகை மூலம் மன்னிப்புக் கேட்டார்; டிக்கெட் விற்கத்தான் அப்படிப் பேசினேன் என்றார். பேப்பரிடம் சொல்வானேன், என்னிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்பது ஃப்ரேசியரின் வருத்தம். நியாயமான வருத்தம்.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்க வானொலியில் ஜாக் பென்னி, ஃப்ரெட் ஆலன் என்ற இரண்டு காமெடியன்கள் 1936-ல் ஒரு சின்னப் பையனின் வயலின் வாசிப்பை வைத்து ஆரம்பித்த பொய்ச்சண்டை பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. ஆளுக்கு ஆள் சளைக்காத வாய், நிஜத்தில் நல்ல நண்பர்கள். இங்கே கவுண்டமணி உதைத்து செந்தில் ஓடியதெல்லாம் கேமரா ஓடிய வரைக்கும்தான். எதிராளி முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும், பதிலுக்குப் பதில் கொடுக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நான் கைதட்ட மாட்டேன்.

நட்சத்திரங்களை விடுங்கள், அவர்களுக்கு மேனேஜர் இருக்கிறார். எனக்குக் கவலை நம் கானா பையன்களைப் பற்றி. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒருவன் பாட, இன்னொருவன் பதில் கானா பாடுவது நம் சொத்து. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் யூடியூபில் பார்வை ஏற வேண்டும் என்று அம்மாவையும் அக்காவையும் பாட்டுக்குள் இழுக்கிறார்கள். பாடியவர்கள் மறுநாள் சேர்ந்து டீ குடிப்பார்கள். விசிலடித்த பிள்ளைகள் தெருமுனையில் கட்டிப் புரளுவார்கள், அப்புறம் ஸ்டேஷனில் போய் நிற்பார்கள். ஏரியா பெரியவர்களே, பாட்டில் அடுத்தவன் அம்மா வந்த நிமிடம் மைக்கை வாங்கிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.