வார்டுக்கு நிக்கிறதா, பிரசிடெண்டுக்கே நிக்கிறதா?

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்காங்க: "மகளிர் குழு தலைவியா இருக்கேன், பத்தாவது படிச்சிருக்கேன், மூணு புள்ளைக. அடுத்த உள்ளாட்சி எலக்‌ஷன்ல நில்லுன்னு குழுவுல எல்லாரும் சொல்றாக. வீட்டுக்காரரு, 'நீ பேருக்கு நில்லு, மத்தத நான் பாத்துக்கறேன்'ங்கறாரு. எதுக்கு நிக்கிறது, எவ்வளவு செலவாகும்?"

மூணு புள்ள இருந்தா நிக்க முடியாதுன்னு ஊருக்குள்ள யாராச்சும் கெளப்பி விடுவாகம்மா, தமிழ்நாட்டுல அப்படிச் சட்டமே இல்ல. படிப்புத் தகுதியும் கெடையாது. 21 வயசு முடிஞ்சிருக்கணும், உங்க ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். பொம்பளைகளுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016லயே வந்துருச்சு, ஆனா உங்க வார்டு பொது வார்டா இருந்தாலும் நீங்க தாராளமா நிக்கலாம், ஆம்பளைக்கு மட்டும்னு ஒரு வார்டு எங்கயும் கெடையாது.

என்னையக் கேட்டா மொதத் தடவ வார்டுக்கு நில்லுங்க, ஆனா கண்ணு துணைத்தலைவர் சீட்டு மேல இருக்கட்டும். ஊராட்சிப் பணத்த எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும், அந்தத் துணைத்தலைவர ஊர்ச்சனம் ஓட்டுப் போட்டு எடுக்கிறதில்ல, ஜெயிச்ச மெம்பருகளே தங்களுக்குள்ள எடுக்கிறது. வார்டுங்கறது சில நூறு ஓட்டு, கட்சிச் சின்னமும் கெடையாது, குழுப் பொம்பளைக வீட்டு ஓட்டு சிந்தாம விழுந்தாலே பாதி கெணறு தாண்டுன மாதிரி.

2019ல டெபாசிட் வார்டுக்கு 200 ரூபா, தலைவருக்கு 600, எஸ்சி எஸ்டின்னா பாதி. செலவு வரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000. இந்தத் தடவ மாறலாம், அறிவிப்பு வந்ததும் யூனியன் ஆபீஸ்ல கேட்டுக்கங்க. சேல, கறிச்சோறுன்னு எறங்குனா நக அடகுக்குப் போயிரும், அது தப்பும் கூட. தோத்தாலும் ரிசல்ட் வந்து 30 நாளைக்குள்ள செலவுக்கணக்கு குடுத்துரணும், இல்லாட்டி மூணு வருஷத்துக்கு நிக்க விடாம தகுதிநீக்கம் பண்ணிருவாக, தோத்த கவலையில முக்காவாசிப் பேரு இத மறந்துர்றாக.

நாமினேஷனுக்கு முன்னாடி வீட்டு வரி, தண்ணி வரி பாக்கியெல்லாம் கட்டி ரசீத வாங்கி வச்சுக்கங்க. ஊராட்சி வேலை எதுவும் உங்க பேர்ல கான்ட்ராக்ட் எடுத்துருந்தா அதுவும் இடிக்கும். கடைசி நாள்ல ரசீதத் தேடிக்கிட்டு ஆளுக ஓடுறதப் பாத்தா பாவமா இருக்கும்.

இப்ப வீட்டுக்காரர் சமாச்சாரம். அவரோட சண்ட போடச் சொல்லல, பூத் ஏஜென்ட், வண்டி, போஸ்டர் எல்லாம் அவரு பாக்கட்டும், கையெழுத்து மட்டும் உங்களது. ஆடிட்ல கேள்வி வந்தா கையெழுத்துப் போட்ட ஆளத்தான் கேப்பாக, "அவருதான் போடச் சொன்னாரு"ன்னா செல்லாது. தலைவரோ துணைத்தலைவரோ ஆயிட்டா ஆன்லைன்ல பணம் விடுறதுக்கு ஒரு டிஜிட்டல் கீ குடுப்பாக, பென்டிரைவ் மாதிரி இருக்கும், அது கிளார்க் டேபிள்லயோ வீட்டுக்காரர் சட்டப்பையிலயோ கெடக்கக்கூடாது, உங்க பீரோவுல இருக்கணும். வெத்துத் தீர்மான நோட்டுல "சும்மா ஒரு கையெழுத்து"ன்னு நீட்டுனா வாங்கி அப்படியே திருப்பிக் குடுத்துருங்க.

பேச்சு வராதேன்னு தயங்குனா கிராம சபையில பழகுங்க. வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல எந்திரிச்சு உங்க தெருக் கொழா, தெருவௌக்கப் பத்தி ஒத்தக் கேள்வி கேளுங்க, கேட்டது கூட்டத்துல பேசுனத எழுதுற மினிட் நோட்டுல ஏறுச்சான்னு பாருங்க, மூஞ்சி ஊருக்குத் தெரிஞ்சுரும். கிராம சபைன்னா சாதாரணமா நெனைக்காதீங்க, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு 2024 நவம்பர்ல தீர்மானம் போட்டாக, சனம் தெரண்டுச்சு, 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தையே ரத்து பண்ணிருச்சு. அதே ஊர்லதான் வீரம்மாள் பாட்டி முந்தைய தேர்தல்ல நின்னு தோத்தும் விடாம எழுபது தாண்டுன வயசுல பிரசிடெண்டா ஜெயிச்சாக.

ஓட்டுச்சீட்டையும் வீட்டுப் பொம்பளைகளுக்கு இப்பவே சொல்லிக் குடுங்க. கிராமத்துல நாலு சீட்டு: வார்டுக்கு வெள்ள, சில பூத்துல நீலம், தலைவருக்கு ரோஸ், யூனியன் கவுன்சிலருக்குப் பச்ச, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்ச. வயசான ஆத்தாக்க அவசரத்துல கைநாட்டு வச்சா அந்த ஓட்டு செல்லாமப் போயிரும், ரப்பர் ஸ்டாம்ப உங்க சின்னத்து மேல ஒரு தடவ அழுத்துனாப் போதும். வார்டு எலக்‌ஷன்ல ஒத்த ஓட்டுல தோக்குறதும் உண்டு, சரிக்குச் சரி வந்து குலுக்கல் போடுறதும் உண்டும்மா.